நீர்புகா நிழற்பாய்: சென்னை வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பதும் கட்டுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் அதையொட்டிய கடலோரப் பகுதிகளிலும் உள்ள தனிவீடுகளில், சமையலறைக் கதவுக்கும் பின்பக்கச் சுற்றுச்சுவருக்கும் நடுவே சிமெண்ட் தளம் போட்ட ஒரு திறந்தவெளி இருப்பது வழக்கம். துவைக்கும் கல்லும் நான்கு நாற்காலிகளும் சில பூந்தொட்டிகளும் கொள்ளும் அந்த இடத்துக்கு மேலே, கடைகளில் ‘ஷேட் செயில்’ என்று விற்கப்படும் நிழற்பாயை, அதுவும் மழைநீர் புகாத வகையைக் கட்ட விரும்புவோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கணக்குகள் அனைத்தும் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட பாயை அடிப்படையாக வைத்துப் போடப்பட்டவை.

நீர்புகா நிழற்பாய் கட்டினால் மழைக்காலம் முழுவதும் கொல்லைப்புறம் நனையாமல் இருக்குமா?

இருக்காது. தூறலிலும் நேராக விழும் கோடை மழையிலும் பாயின் நடுப்பகுதிக்குக் கீழே நனையாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை கடல் பக்கத்திலிருந்து காற்றோடு சாய்ந்து வருவதால், பக்கங்கள் திறந்திருக்கும் எந்தக் கூரையின் கீழும் சாரல் அடிக்கத்தான் செய்யும். மேலும், புயல் நெருங்கும் நாட்களில் பாயை அவிழ்த்து உள்ளே வைத்துவிட வேண்டும் என்பதால், மழை மிக அதிகமாகப் பெய்யும் நாட்களில்தான் பாய் அங்கே இருக்காது. அடைமழையிலும் துணி காயப்போடவோ வாஷிங் மெஷின் வைக்கவோ இடம் தேவைப்படுவோர் இரும்புச் சட்டம் அடித்துத் தகரமோ பாலிகார்பனேட் ஷீட்டோ போட்டுக்கொள்வதே பொருத்தம். அவர்கள் இந்தப் பக்கத்தை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

துணியைக் கடைசியாக வாங்க வேண்டும். பெரும்பாலானோர் இணையத்தில் அழகான பாயைப் பார்த்து முதலில் அதை வரவழைத்துவிட்டு, பிறகு அதை எங்கே கட்டுவது என்று சுவர்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். பாய் எங்கெங்கே பிடித்து நிற்கப்போகிறது, எந்த முனை உயரம், எந்த முனை தாழ்வு, வழியும் நீர் எங்கே போய் விழும் என்ற நான்கையும் முடிவு செய்து, கொக்கிகளையும் தூண்களையும் நட்டு முடித்து, முனைக்கு முனை நாடா பிடித்து அளந்த பிறகே துணியின் அளவு தெரியவரும். செலவிலும், தூண், கான்கிரீட், கொக்கி ஆகியவற்றுக்கு ஆகும் தொகை சாதாரணமாகத் துணியின் விலையைத் தாண்டிவிடும் என்பதை எதிர்பார்த்தே தொடங்குவது நல்லது.

சாதாரண நிழற்பாய்க்கும் நீர்புகாப் பாய்க்கும் என்ன வேறுபாடு?

சாதாரண நிழற்பாய் எச்டிபிஇ எனப்படும் அடர்பாலித்தீன் இழைகளால் பின்னப்பட்டது. நர்சரிகளில் காணப்படும் பச்சை வலையின் கனமான உறவு எனலாம். பின்னலில் துளைகள் இருப்பதால் வெயிலின் பெரும்பகுதியைத் தடுத்தாலும் மழைநீரை ஒழுக விட்டுவிடும். காற்றின் ஒரு பங்கும் கீழே தேங்கும் வெப்பக்காற்றும் அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிடுவதால் கொக்கிகளின் மீதுள்ள சுமை குறைகிறது, கீழே புழுக்கமும் குறைகிறது.

நீர்புகாப் பாய்க்கு இந்தச் சலுகைகள் எதுவும் கிடையாது. நீர் போகாத இடத்தில் காற்றும் போகாது. எனவே, மழையைத் தடுப்பதற்காக ஒருவர் தரும் உண்மையான விலை, வலுவான தூண்களும் செங்குத்தான சரிவும்தான். வெயில் மட்டுமே உங்கள் தொல்லை என்றால், மழைத் தடுப்பு ஒரு கூடுதல் வசதிதானே என்று எண்ணி நீர்புகா வகைக்குப் போக வேண்டாம். பின்னல் துணியே சென்னைப் புழுக்கத்துக்கு நல்லது.

நீர்புகாத் துணிகளில் எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

சந்தையில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு. முதல் வகை, பாலியெஸ்டர் துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரிதேன் பூச்சு கொடுக்கப்பட்டது. ஒரு சதுர மீட்டருக்கு 160 முதல் 300 கிராம் வரை, அதாவது 160 முதல் 300 ஜிஎஸ்எம் எடையில் வரும். இணைய விற்பனைத் தளங்களில் தயார் அளவில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இவையே. விலை மலிவு, மடித்து வைப்பது எளிது. ஆனால் நம் ஊர் வெயிலில் அந்தப் பூச்சு மெல்ல உரிந்து, முதலில் தையல் ஓரத்திலும் பிறகு நடுவிலும் நீர் கசியத் தொடங்கும். சில கோடைகளுக்கு மேல் அதை நம்ப முடியாது.

இரண்டாம் வகை, பாலியெஸ்டர் வலைத்துணியின் இரு பக்கமும் பிவிசி பூசப்பட்டது. இது 550 முதல் 900 ஜிஎஸ்எம் வரை கனமாக இருக்கும். பெட்ரோல் பங்க் ஓரங்களிலும் கார் நிறுத்துமிடங்களிலும் ‘டென்சைல்’ கூரை என்று போடப்படுவது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நல்ல தரமான துணியில் அழுக்கு ஒட்டாமலிருக்க அக்ரிலிக் அல்லது பிவிடிஎஃப் மேற்பூச்சு இருக்கும். இணைப்புகள் தைக்கப்படாமல் உயர் அதிர்வெண் வெப்பத்தால் ஒட்டப்பட்டிருக்கும். ஊசி குத்தாத இணைப்பில் நீர் கசிய வழியில்லை என்பதுதான் இதன் பெரிய பலன். டென்சைல் கூரை போடுபவர்களிடம் அளவு கொடுத்துச் செய்து வாங்க வேண்டியிருக்கும். பத்து ஆண்டுகளை எண்ணிக் கட்டுபவர் இதற்கே போக வேண்டும்.

எந்த வகையானாலும் வாங்கும்போது துணியைவிட அதன் மூலைகளை உற்றுப் பாருங்கள். மூலையில் துணி பல அடுக்காகவும், வளையம் எஃகால் ஆனதாகவும், விளிம்பு நெடுக நாடாவோ கம்பிவடமோ ஓடுவதாகவும் இருக்க வேண்டும். பாய் கிழிவது அபூர்வமாகவே நடுவில்; மூலை பிய்ந்துகொண்டு போவதே வழக்கம். தையல் உள்ள பாயானால், துணிக்கு முன்பே நூல் வெயிலில் இற்றுப்போகும் என்பதால், புற ஊதாக் கதிரைத் தாங்கும் நூல்தானா என்று கேட்டு வாங்குவது அவசியம்.

தார்ப்பாயையே இழுத்துக் கட்டினால் ஆகாதா?

ஒரு விசேஷத்துக்கு, இரண்டு நாளுக்கு என்றால் தாராளமாகக் கட்டலாம். நிரந்தரமாகக் கட்டினால் ஆகாது. தார்ப்பாயின் விளிம்பு நேர்கோடாக வெட்டப்பட்டிருப்பதால் எவ்வளவு இழுத்தாலும் ஓரம் தளர்ந்து படபடக்கும். நிழற்பாயின் விளிம்போ உள்நோக்கி வளைத்து வெட்டப்பட்டிருப்பதால், மூலையை இழுக்கும்போது அந்த வளைவு முழுவதும் விறைத்துக்கொள்கிறது. படபடப்பு என்பது வெறும் சத்தம் அல்ல. ஒவ்வொரு உதறலும் தார்ப்பாயின் பித்தளைக் கண்ணை ஒரு முறை பிய்க்கிறது.

முக்கோணப் பாய் நல்லதா, நான்கு முனைப் பாய் நல்லதா?

நீர்புகா வகையில் நான்கு முனைப் பாயே நல்லது. முக்கோணம் எப்படிக் கட்டினாலும் ஒரே தட்டையான தளமாகத்தான் நிற்கும். விளிம்புகள் உள்வாங்குவதால் நிழலும் மிகக் குறைவாகவே கிடைக்கும். நான்கு முனைப் பாயை இரண்டு விதமாகக் கட்டலாம். ஒரு பக்கத்து இரு முனைகளையும் உயர்த்தி, எதிர்ப்பக்கத்து இரண்டையும் தாழ்த்திக் கட்டுவது முதல் விதம். நீர் ஒரே திசையில் ஓடும், கணக்கும் எளிது. குறுக்கெதிராக இருக்கும் இரு முனைகளை உயர்த்தி மற்ற இரண்டையும் தாழ்த்துவது இரண்டாம் விதம். இதில் துணி இரு திசைகளில் எதிரெதிராக வளைந்து விறைப்பதால் காற்றில் குறைவாகவே ஆடும். ஆனால் உயர வேறுபாடு குறைவாக இருந்தால் நடுப்பகுதி சமதளமாகிவிடும் என்பதால், இடம் உயரமாக இருப்பவர்கள் மட்டுமே இந்த முறையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரிவு எவ்வளவு இருக்க வேண்டும்? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

மூன்றுக்கு ஒன்று என்ற சரிவைக் குறைந்த அளவாகக் கொள்ளுங்கள்: 12 அடி ஓட்டத்துக்கு 4 அடி இறக்கம். இது ஏறக்குறைய 18 பாகைச் சரிவு. பார்வைக்கு மிகச் செங்குத்தாகத் தெரிவதால் ஆசாரிகளும் வெல்டர்களும் “இவ்வளவு எதுக்கு சார், ஒண்ணரை அடி போதும்” என்பார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம். தகரக் கூரைக்கு அது போதும், துணிக்குப் போதாது.

காரணத்தை மழை தொடங்கிய சில நிமிடங்களிலேயே கண்ணால் பார்க்கலாம். சரிவு குறைந்த பாயின் நடுவே முதலில் உள்ளங்கை அளவு நீர் தங்கும். அந்த எடையில் துணி ஒரு விரற்கடை தாழும். தாழ்ந்த இடத்தை நோக்கிச் சுற்றிலும் உள்ள நீர் திரும்பும். அதனால் துணி மேலும் தாழ்ந்து, அதுவரை விளிம்புக்கு ஓடிக்கொண்டிருந்த நீரும் உள்ளே வந்து சேரும். தகரம் வளையாது என்பதால் அங்கே இந்தச் சங்கிலி தொடங்குவதே இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. நம் 120 சதுர அடிப் பாயின் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர்; 5 செ.மீ. மழை பெய்தால் அதன் மீது விழும் நீர் ஏறக்குறைய 550 லிட்டர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் பெய்ததை நினைவில் கொண்டால், தேங்க இடம் கொடுப்பதன் பொருள் விளங்கும். இப்படித் தொங்கும் வயிறு ஒரு முறை விழுந்துவிட்டால் துணி நிரந்தரமாக நீண்டுவிடும். அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் நீர் அதே இடத்தைத் தேடி வரும். குடைக்கம்பால் கீழிருந்து தள்ளி நீரை வெளியேற்றுவது பலருடைய வழக்கம். நூறு கிலோ நீர் தலைக்கு மேலே இருக்கையில் அதைச் செய்வது ஆபத்து.

எங்கள் வீட்டில் அந்த அளவுக்கு உயரமே இல்லையே?

இது மிகப் பலருக்கு வரும் சிக்கல். தரைத்தளக் கூரை 10 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே உயர முனையைக் கட்டி 4 அடி இறக்கினால் தாழ்முனை 6 அடியில் வந்து நெற்றியில் இடிக்கும். நடமாடும் இடத்தில் தாழ்முனை 7 அடிக்குக் கீழே வரக் கூடாது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சரிவை நீளவாக்கில் வைக்காமல் அகலவாக்கில் வைப்பது: 10 அடி ஓட்டமானால் 3 அடி 4 அங்குல இறக்கம் போதும். இரண்டாவது, மாடி உள்ள வீடானால் உயர முனையை முதல் தளத்தின் கான்கிரீட் தூணில் பிடிப்பது. மூன்றாவது, தாழும் பக்கத்தை யாரும் நடக்காத இடத்துக்கு, பூச்செடிப் பாத்திக்கோ வாழை நிற்கும் ஓரத்துக்கோ கொண்டுபோய்விடுவது. அங்கே 6 அடி இருந்தாலும் குறையில்லை. செய்யவே கூடாதது ஒன்று: வீட்டுப் பக்கத்தைத் தாழ்த்தி, வெளித்தூண்களை உயர்த்தி, நீரைச் சமையலறைச் சுவர் மீது ஓடவிடுவது. உயரம் கிடைக்கவில்லை என்று இப்படித் திருப்பிக் கட்டிய வீடுகளில் சுவர் ஓதம் ஏறுவதற்கு ஒரு மழைக்காலம் போதும்.

இம்மூன்றும் பொருந்தாத வீட்டுக்கு நீர்புகாப் பாய் பொருந்தாது என்றே பொருள். அங்கே பின்னல் துணியைக் கட்டி வெயிலை மட்டும் தடுத்துக்கொள்ளலாம்.

பாயின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

தரையில் அளக்காமல், கொக்கிக்குக் கொக்கி சரிவோடு அளக்க வேண்டும். தரையில் 12 அடியும் இறக்கம் 4 அடியும் இருந்தால், சாய்வு நீளம் 12 அடி 8 அங்குலம் ஆகும். அதிலிருந்து ஒவ்வொரு மூலையிலும் டர்ன்பக்கிளும் (திருகி இறுக்கும் இணைப்பு) ஷேக்கிளும் (ஆணி போட்டு மூடும் எஃகு வளையம்) அமர ஓரடி அளவும், துணி நாளடைவில் நீள்வதற்குச் சில அங்குலங்களும் கழிக்க வேண்டும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தபின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அளவு கொடுத்துத் தைக்கும் இடத்தில் அவற்றைக் கேட்பார்கள், கேட்காவிட்டால் வேறு இடம் பார்ப்பது நல்லது. 12 அடி விளிம்பு நடுவில் அரை அடி முதல் ஓரடி வரை உள்வாங்கியிருக்கும் என்பதால், 120 சதுர அடிப் பாய் 120 சதுர அடி நிழலைத் தராது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நிழல் பாய்க்கு நேர் கீழேதானே விழும்?

உச்சி வேளையில் மட்டும், அதுவும் கோடையில் மட்டும். சென்னையில் மே மாதம் பிற்பகல் மூன்று மணியளவில் சூரியன் மேற்கே ஏறக்குறைய 45 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது 10 அடி உயரத்தில் இருக்கும் பாயின் நிழல் 10 அடி கிழக்கே தள்ளி விழும். கத்திரி வெயிலில் பிற்பகலில் உட்காருவதற்காகவே பாய் கட்டுபவர், உட்காரும் இடத்துக்கு நேர் மேலே கட்டாமல் மேற்கே தள்ளிக் கட்ட வேண்டும். அல்லது தாழ்முனையை மேற்குப் பக்கம் வைத்தால் சாய்ந்து வரும் வெயில் உள்ளே நுழைவது குறையும். டிசம்பர் நண்பகலிலோ சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அதே நிழல் 7 அடி வடக்கே போய் விழும். நாடாவை எடுப்பதற்கு முன், விடுமுறை நாளொன்றில் இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே பழைய புடவையைக் கட்டி நிழலின் போக்கைப் பார்த்துவிடுவது எந்தக் கணக்கைவிடவும் தெளிவு தரும்.

வீட்டுச் சுவரில் கொக்கி அடித்தால் தாங்குமா?

எந்தச் சுவர், அதில் எந்த இடம் என்பதைப் பொறுத்தது. முதலில் சுமையைப் பார்ப்போம். காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டடத் தர ஆவணத்தின் மூன்றாம் பகுதி தரும் எளிய சூத்திரப்படி, நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 24 கிலோ அழுத்தம் தரும். நம் பாய் முழுவதற்கும் 270 கிலோ. சென்னைக்கு அந்த ஆவணம் குறிக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் சுமை 1,700 கிலோவைத் தொடும். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் குறிக்கப்பட்டுள்ளது 39 மீட்டர் என்பதால் அங்கே கட்டுபவருக்குச் சிறிது ஆறுதல் உண்டு. விறைப்பாக இழுத்த துணியில் மூலைகளின் இழுவிசை, நேராக விழும் அழுத்தத்தை நான்காகப் பங்கிட்டால் வருவதைவிட அதிகமாகவே இருக்கும்.

இந்தச் சுமையைத் தாங்கக்கூடியவை கான்கிரீட் தூண், கான்கிரீட் உத்தரம் ஆகிய இரண்டு மட்டுமே. செங்கல் சுவர் நம்பத்தக்கதல்ல. உள்ளீடற்ற ஹாலோ பிளாக்கும், எடை குறைந்த நுண்துளைக் கான்கிரீட்டான ஏஏசி கல்லும் அறவே ஆகா. கைப்பிடிச்சுவரும் சுற்றுச்சுவரும் தனியே நிற்பவை, பக்கவாட்டு இழுப்புக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பாயோடு சேர்ந்து அவையும் சாய்ந்துவிடும்.

பூச்சுக்கு அடியில் இருப்பது தூணா கல்லா என்பதை டிரில் போடும்போது வரும் தூளே சொல்லிவிடும். முதலில் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை பூச்சின் மணல்தூள் வரும். அதன் பிறகு சாம்பல் நிறத்தில் நுண்தூள் வந்து, டிரில் மெதுவாகவும் கடினமாகவும் இறங்கினால் அது கான்கிரீட். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். அங்கேயே நிறுத்தி இடத்தை மாற்ற வேண்டும். திடீரென்று வழுக்கி உள்ளே போனால் உள்ளீடற்ற கல். டிரில் கம்பியில் இடித்தால் அந்தத் துளையை விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளிப் போடுங்கள், கம்பியை வெட்டிக்கொண்டு போகக் கூடாது.

போல்ட் குறைந்தது 12 மில்லிமீட்டர் தடிமனாகவும், பூச்சைக் கணக்கில் சேர்க்காமல் கான்கிரீட்டுக்குள் 4 அங்குலம் இறங்குவதாகவும் இருக்கட்டும். கெமிக்கல் ஆங்கர், அதாவது பசையால் பிடிக்கும் போல்ட் போடுவதானால் துளையைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஊதித் தூளை முழுவதும் வெளியேற்றிவிட்டே பசையைச் செலுத்த வேண்டும். தூள் படிந்த துளையில் பசை கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

தூண் நடுவதானால் என்ன அளவு?

4 இன்ச் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக்குழாய்), சி கிளாஸ் (சுவர் தடித்த கனமான வகை) என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாம் முறையும் “பி கிளாஸே போதும்” என்று கடைக்காரர் சொன்னாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். தரைக்கு மேலே நிற்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது தரைக்குள் இருக்க வேண்டும். 10 அடித் தூணுக்கு மூன்றரை அடி ஆழமும் ஒன்றரை அடிச் சதுரமும் கொண்ட குழி. இது கெட்டியான மண்ணுக்கான அளவு. திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடற்கரை மணலிலும், வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற இளகிய களிமண்ணிலும் குழியைப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு என்பதை அந்தப் பகுதியில் வேலை செய்யும் பொறியாளரிடம் கேட்டுக்கொள்வதே முறை.

தூணைச் செங்குத்தாக நடாமல், பாய்க்கு எதிர்ப்புறமாக 5 பாகை சாய்த்து நட வேண்டும். 10 அடித் தூணில் இது உச்சியில் 10 அங்குலச் சாய்வாக வரும். பாயை இறுக்கிய பிறகு தூண் சற்று உள்ளே வந்தாலும் கோணலாகத் தெரியாது. கான்கிரீட்டுக்கு ஒரு வாரம் நீர் ஊற்றிப் பதப்படுத்தி, இயன்றால் 28 நாட்கள் கழித்தே பாயை இழுத்துக் கட்டுங்கள். பைப்பின் வாயை மூடி வெல்டிங் செய்வதும், வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகம் கலந்த பெயிண்ட் பூசுவதும் சிறிய வேலைகள். கடற்காற்றில் அவற்றை விட்டுவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

கொக்கி, ஷேக்கிள் முதலியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படுவதெல்லாம் ஒன்றல்ல. மலிவாகக் கிடைக்கும் எஸ்எஸ் 202 கடலோரத்தில் பழுப்பேறிவிடும். எஸ்எஸ் 304 நகரின் உட்பகுதிகளுக்குப் போதும். கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு மாலிப்டினம் கலந்த எஸ்எஸ் 316 வாங்க வேண்டும், ஏனெனில் உப்புக்காற்றை எதிர்க்கும் திறன் அந்தக் கலவையால் வருவது. பாரிமுனையின் ஹார்டுவேர் கடைகளில் தரம் குறிப்பிட்டுக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பாயோடு இலவசமாக வரும் நைலான் கயிறுகளைத் துணி காயப்போட வைத்துக்கொள்ளலாம்.

நான்கு மூலைகளுக்கும் டி-ஷேக்கிள், குறைந்தது இரண்டு மூலைகளுக்கு டர்ன்பக்கிள் தேவை. டர்ன்பக்கிளின் ஒரு முனை கொக்கியாகத் திறந்திருக்கும் வகையைத் தவிர்த்து, இரு முனையும் மூடிய வகையை வாங்குங்கள். திறந்த கொக்கி காற்றின் உதறலில் கழன்றுகொள்ளும்.

கட்டும் முறையைச் சொல்ல முடியுமா?

காற்றில்லாத காலை நேரத்தில், இரண்டு பேராவது சேர்ந்து செய்ய வேண்டும். டர்ன்பக்கிள்களை முழு நீளத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் உயர முனைகள் இரண்டையும் மாட்டி, பிறகு தாழ்முனைகளை மாட்டுங்கள். கடைசி முனை எட்டாமல் ஒரு சாண் நிற்கும், நிற்கத்தான் வேண்டும். அதை வார்ப்பட்டையாலோ கயிற்றாலோ இழுத்து ஷேக்கிளைக் கோத்தபின், ஒரு மூலையில் சில சுற்றுகள், அடுத்து அதற்குக் குறுக்கெதிர் மூலையில் சில சுற்றுகள் என்று மாறி மாறி இறுக்க வேண்டும். விளிம்பில் தொய்வு நீங்கி, நடுவில் கையால் தட்டினால் அதிர்ந்து அடங்கும் நிலையில் நிறுத்துங்கள். நான்கு மூலைகளிலிருந்தும் நடுவை நோக்கி ஓடும் சுருக்கங்கள் தெரிந்தால் விறைப்பு போதவில்லை.

இறுக்கியபின் டர்ன்பக்கிளின் நடுவே மெல்லிய கம்பியைக் கோத்து இரு முனையோடும் முறுக்கிவிட வேண்டும். இல்லையேல் காற்றின் அதிர்வில் அது தானாகத் திரும்பித் தளரும். துணி முதல் சில வாரங்களில் நீளும் என்பதால் மறுபடி ஒரு முறை இறுக்குவது அவசியம். எல்லாம் முடிந்தபின் மழைக்குக் காத்திருக்காமல் தோட்டத்துக் குழாயால் பாய் மீது நீரைப் பீய்ச்சிப் பாருங்கள். எங்கேனும் நீர் நின்றால், இறுக்குவதால் மட்டும் அது சரியாகாது. தாழ்முனையை இன்னும் இறக்க வேண்டும்.

புயல் வந்தால் என்ன செய்வது?

அவிழ்த்துவிட வேண்டும், இதில் விவாதத்துக்கு இடமில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டியது, நகரெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை வெளியிடுகிறது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததும் ஸ்பானரை எடுத்துவிட வேண்டும். தாழ்முனைகளைக் கழற்றி, உயர முனைகளை மட்டும் விட்டுவைப்பது மிகப் பெரிய தவறு. கட்டில்லாத துணி அடிக்கும் அடியில் ஜன்னல் கண்ணாடி தப்பாது.

புயலைவிட அதிகமான பாய்களைப் பிய்ப்பது, மே முதல் செப்டம்பர் வரை மாலை வேளைகளில் இடியோடு வரும் திடீர்க் காற்றுதான். அதற்குக் கூண்டு ஏற்றுவதில்லை. வீட்டில் ஆளில்லாத நேரத்திலும் வரும். பாயையும் பிடிமானத்தையும் இந்தக் காற்றுக்குத் தாங்குமாறு கட்டி, புயலுக்கு மட்டும் அவிழ்ப்பது என்பதே நடைமுறைக்கு ஒத்த திட்டம்.

பாய்க்குக் கீழே புழுக்கமாக இருக்குமா? எந்த நிறம் நல்லது?

உயர முனை வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தால் புழுக்கமாகத்தான் இருக்கும். சூடான காற்று சரிவின் வழியே மேலேறி, சுவர் தடுப்பதால் அங்கேயே நிற்கும். துணிக்கும் சுவருக்கும் நடுவே ஓரடி இடைவெளி விட்டால் அது வெளியேற வழி கிடைக்கும். அந்த இடைவெளியில் சிறிது மழை விழுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நண்பகலுக்குப் பின் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுக்கு வழிவிட்டு, கிழக்குப் பக்கத்தை உயரமாக வைத்தால் வெக்கை தணியும். வடகிழக்குப் பருவத்துச் சாரலும் அதே வழியாகத்தான் வரும். இரண்டில் எது முக்கியம் என்பதை வீட்டார் முடிவு செய்ய வேண்டும். எட்டு மாத வெக்கைக்கு முன்னுரிமை தருவதே நியாயம் என்பது இதை எழுதுபவரின் கருத்து. நிறத்தில் வெளிர்சாம்பலும் மணல்நிறமும் நல்லவை. வெள்ளை விரைவில் பாசி பிடித்துக் காட்டும், கறுப்பு கொதிக்கும்.

மொட்டை மாடியில் இதே முறையில் கட்டலாமா?

கூடாது. அங்கே காற்று வலுவானது, கைப்பிடிச்சுவர் பிடிமானமாகாது, தளத்தில் துளை போட்டால் தட்டோட்டுக்கு அடியில் உள்ள நீர்க்காப்பு உடைந்து கீழ்வீட்டில் ஒழுகும். பொறியாளர் வரைந்து கொடுக்கும் இரும்புச் சட்டம் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

வழியும் நீரை என்ன செய்வது?

பாய் முழுவதிலும் விழும் நீர் ஓரிரு மூலைகளில் வந்து கொட்டுவதால், அந்த இடத்தில் மண் குழிந்து சேறு தெறிக்கும். தாழ்மூலைக்கு நேர் கீழே ஜல்லி நிரப்பிய தொட்டி ஒன்றை அமைத்து, அங்கிருந்து வீட்டின் மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் குழாய் விடுவது சிறந்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பெரும்பாலான வீடுகளில் குழி ஏற்கெனவே இருக்கும். தூர்வாரியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுச் சுவர் மீதோ அவர்கள் வாசலிலோ நீர் விழுமாறு கட்டினால் முதல் மழையிலேயே பேச்சு வளரும்.

பாய்க்குக் கீழே அடுப்பு வைக்கலாமா?

விறகடுப்போ கேஸ் அடுப்போ வைக்க வேண்டாம். பிவிசி துணி எளிதில் பற்றிக்கொள்ளாது என்றாலும் வெப்பத்தில் இளகும். பாலியூரிதேன் பூசிய பாலியெஸ்டர் உருகித் துளை விழும். தீபாவளி ராக்கெட்டின் ஒரு பொறி போதும். அந்தப் பண்டிகை பருவமழைக் காலத்தில்தான் வருகிறது என்பதால், ஐப்பசி தொடக்கத்தில் பாயை இறக்கிக் கழுவி வைத்துவிட்டு, பட்டாசு ஓய்ந்தபின் மாட்டுவோரும் உண்டு; ஒரே வேலையில் இரண்டு காரியம் முடிகிறது.

கழுவுவதும் எடுத்து வைப்பதும் எப்படி?

மென்மையான பிரஷ், சாதாரணச் சோப்புநீர் போதும். பிளீச்சிங் பவுடரும் கம்பி பிரஷ்ஷும் பூச்சை அரித்துவிடும். முருங்கை, வேம்பு போன்ற மரங்களின் கீழே கட்டியவர்கள் இலைகளை வாரந்தோறும் தட்டிவிட வேண்டும்; ஊறிய சருகு தங்கும் இடத்தில் கறை படிந்து, பிறகு பாசி பிடிக்கும். காக்கை எச்சத்தைக் காய்ந்தபின் சுரண்டாமல், நனைத்து ஊறவைத்துத் துடைக்க வேண்டும்.

எடுத்து வைக்கும்போது ஈரம் சிறிதும் இருக்கக் கூடாது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்துப் பூச்சு ஒட்டிக்கொள்ளும். பிவிசி பாயை மடிக்காமல், குழாய் ஒன்றின் மீது சுருட்டி வைத்தால் மடிப்புக் கோடுகளில் வெடிப்பு வராது. பரணில் வெறுமனே போட்டுவைத்தால் எலி கடித்துவிடும் என்பதால், மூடியுள்ள டிரம்மிலோ, அது கொள்ளாத நீளமானால் உத்தரத்தில் தொங்கவிட்டோ வைக்க வேண்டும். ஷேக்கிள்களையும் டர்ன்பக்கிள்களையும் கழுவிக் காயவைத்து, மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எந்த மூலைக்குரியது எது என்று எழுதிய தனித்தனிப் பைகளில் கட்டி அதே டிரம்மில் போட்டுவிடலாம்.